வியாழன் பின்னேரம் 3 மணி

தம்பியைக் கட்டாருக்கு வழியனுப்பப் போன அப்பா, திரும்பி வீட்டுக்கு வந்து சேர 26 நாட்கள் ஆயின.

மார்கழிக் கடைசி. கட்டுநாயக்க விமான நிலையத்தில் தம்பியை உள்ளே விட்டுவிட்டு, ஹபரணையில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, விடியுமுன் மட்டக்களப்புப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்துவிடலாம் என்று வெளிக்கிட்டிருக்கிறார்கள். வாடகைக்கு எடுத்த கார். ஓட்டினவர் எங்கள் சொந்தக்கார அண்ணா. அப்பா பின்சீற்றில் பெல்ட் போடாமல், சாரத்தால் போர்த்துக்கொண்டு படுத்திருந்தார். வெலிக்கந்தை தாண்டிப் புணானைப் பக்கம் வரும்போது மூன்றரை மணி இருக்கும், மழைத் தூறல். காடும் வெளியும் சதசதவென்று கிடக்கிற மாரி காலத்தில், கட்டாக்காலி மாடுகளுக்குக் கொஞ்சம் மேடும் சூடும் உள்ள இடம் தார் வீதிதான். அண்ணா பார்த்தபோது கறுத்த மாடு ஒன்று வெளிச்சத்துக்குள் எழும்பி நின்றதாம். வெட்டித் திருப்பியதில் கார் மதகுக் கட்டில் அடித்துப் புரண்டது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த வழியில் ஒரு பயம் ஏற்கெனவே உண்டு. 2023 யூலையில் காத்தான்குடியை நோக்கி வந்த பஸ் மன்னம்பிட்டியில் பாலத்திலிருந்து ஆற்றுக்குள் விழுந்து பத்துப் பேருக்கு மேல் இறந்ததை இங்கே ஒருவரும் மறக்கவில்லை. ஆகவே விடியப்புறம் நாலு மணிக்கு அப்பாவின் போனிலிருந்து அழைப்பு வந்து, மறுமுனையில் வேறு ஒரு குரல் சிங்களத்தில் பேசியபோது, அம்மா போனை என் கையில் தந்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

அந்தக் குரல் ஒரு லொறிக்காரருடையது. பாதிச் சிங்களமும் பாதித் தமிழுமாகச் சொன்னார்: "அப்பா உயிர் இருக்கு. பயம் வேண்டாம். அம்புலன்ஸ் வருது." 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்தது அவர்தான். சனம் கூடி அப்பாவைக் கையிலும் காலிலும் பிடித்து வெளியே இழுக்கப் பார்த்தபோது, தொடவேண்டாம் என்று தடுத்ததும் அவர்தான். பிறகு கார் ஓட்டின, கை உடைந்த அண்ணா சொல்லித்தான் இன்னொன்றும் தெரிந்தது. அம்புலன்ஸ் வரும்வரை அந்த மனுசன் தன் லொறித் தறப்பாளின் ஒரு முனையை உடைந்த கண்ணாடிக்கு மேலே பிடித்துக்கொண்டு, அப்பாவின் முகத்தில் மழை விழாமல் நின்றாராம். ஒரு கிழமைக்குப் பிறகு அவரே எடுத்து, "அப்பா எப்படி?" என்று கேட்டார். அவருடைய பெயரைக் கேட்டு வைத்திருக்கிறேன். எழுத வேண்டாம் என்று சொன்னதால் எழுதவில்லை.

முதலில் வாழைச்சேனை, அங்கிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை. இடது தொடை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. இடுப்பு எலும்பில் வெடிப்பு, நான்கு விலா எலும்புகளும் உடைவு. தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே ஒரு லீற்றருக்கு மேல் இரத்தம் போய்விடலாம் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். ஆறு பை இரத்தம் ஏற்றினார்கள். அதற்கு எங்களிடம் ஒரு சதமும் வாங்கவில்லை, பதிலுக்கு ஆள் கொண்டுவா என்றும் கேட்கவில்லை. நம்முடைய நாட்டில் இரத்தம் முழுக்கத் தானமாகத்தான் வருகிறது. யாரென்றே தெரியாத ஆறு பேர் எங்கேயோ கட்டிலில் படுத்துக் கை நீட்டியிருக்கிறார்கள், அதனால்தான் அப்பா இருக்கிறார்.

தம்பியின் கூட்டாளிமாருக்கு அது மனசில் பட்டிருக்கவேண்டும். அடுத்த சனிக்கிழமை பதினொரு பேர் இரத்த வங்கிக்குப் போனார்கள். காத்தான்குடியிலிருந்து நாலு பேர் தாங்களாகவே வந்து சேர்ந்துகொண்டார்கள், தம்பியோடு பந்து விளையாடுகிற பொடியன்கள். 18 வயதுக்கு மேல், 60க்குள், நிறை 50 கிலோவாவது இருக்கவேண்டும், ஒருமுறை கொடுத்தால் நாலு மாதம் பொறுக்கவேண்டும் என்பது விதி. அதில் ஒரு தம்பி 48 கிலோ. தராசில் இரண்டு முறை ஏறிப் பார்த்தான், சப்பாத்தோடும் ஏறிப் பார்த்தான். தாதி மிஸ்ஸி சிரித்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிட்டார். அவன் அழாக்குறையாக என்னிடம் வந்து, "அக்கா, எனக்கு வேற வேல தாங்க" என்றான். அன்றைக்கு எனக்கு அவனுக்குக் கொடுக்க ஒரு வேலையும் தெரியவில்லை. அவனுக்கு நான் சொன்ன பதில், "ஒண்டும் வேணாம் தம்பி, பார்ப்பம்."

அந்த "ஒண்டும் வேணாம், பார்ப்பம்" என்ற சொல்லைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நான் பிரதேச செயலகமொன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். கிராமக் கூட்டம் வைப்பது, தேவைப் பட்டியல் எழுதுவது, சிரமதானத்துக்கு ஆள் சேர்ப்பது எல்லாம் என் நாளாந்த வேலை. அடுத்தவர் வீட்டுக்கு என்ன தேவை என்று கேட்டுக் கேட்டு எழுதிய எனக்கு, என் வீட்டுக்கு என்ன தேவை என்று யாராவது கேட்டால் வாய் அடைத்துப்போகும். யாருக்கும் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அப்பா ஒரு மண்வெட்டி இரவல் வாங்கினாலும் கழுவித் துடைத்துப் பொழுது படமுன் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆள்.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு கிழமையும் படலை மூடவில்லை. ஆரையம்பதியில் தெரிந்த ஆட்கள் எல்லோரும் வந்தார்கள், காத்தான்குடியிலிருந்தும் வந்தார்கள், பாலம் கடந்து வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து அப்பாவின் பக்கத்துச் சொந்தங்கள் பட்டா லொறியில் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் விபத்துக் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டு கிடப்பார். மாடு எழும்பி நின்ற இடம் வரும்போது அவருடைய வலது கை கட்டில் சட்டத்தைப் பிடிக்கும். அதை நான் கவனித்தது மிகவும் பிந்தி. அப்புறம் வெளியே, மாமரத்தின் கீழ்தான் கதை சொல்வோம்.

வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன்: 14 பெட்டி மாறி பிஸ்கட், 9 பக்கற் நெஸ்டமோல்ட், ஒரு பை நிறையத் தோடம்பழம். அன்போடு கொண்டுவந்தவை, அதில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த நாள் வரும்போது அம்மா 36 மணித்தியாலமாகத் தூங்கியிருக்கவில்லை. அம்மாவுக்குச் சீனி வருத்தம். அப்பாவை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்கவேண்டும், இல்லாவிட்டால் முதுகில் படுக்கைப்புண் வரும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, இடுப்பு முறுகாமல், இரண்டு பேர் சேர்ந்து திருப்பவேண்டும். அம்மாவும் நானும்தான் செய்தோம். காலையில் நான் வேலைக்குப் போய்விடுவேன். விடுமுறை எல்லாம் வைத்தியசாலையிலேயே முடிந்துவிட்டது.

மூன்றாம் கிழமை வருகை நின்றது. ஒருவர் மீதும் பிழை இல்லை. ஆள் வீட்டுக்கு வந்தாயிற்று, கண் திறந்து கதைக்கிறார், நாங்களும் ஒன்றும் வேணாம் என்கிறோம். அவரவர்க்கு வேலை இல்லையா? ஒரு பின்னேரம் வாசலில் இருந்துகொண்டு யோசித்தேன். அப்பா அன்றைக்கு வீதியிலேயே போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? மணித்தியாலத்துக்குள் மரணாதாரச் சங்கத்தின் தறப்பாளும் கதிரையும் பெரிய பானைகளும் வந்திருக்கும். எங்கள் குடியைச் சேர்ந்த ஆட்கள் கூடியிருப்பார்கள். எங்கள் அடுப்பு எரியாமலே பக்கத்து வளவுகளிலிருந்து சோறு வந்திருக்கும். யார் எதைச் செய்வது என்று ஒருவரும் ஒருவரைக் கேட்கமாட்டார்கள். எட்டு, முப்பத்தொன்று என்று நாள் குறித்து வந்திருப்பார்கள். உயிர் தப்பி வந்த மனுசனுக்கு அப்படி ஒரு ஒழுங்கு நம்மிடம் இல்லை.

இதைப் பெரியம்மாவிடம் அழுதுகொண்டுதான் சொன்னேன். எங்கள் ஊர்களில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தானே. அம்மாவும் அவருடைய சகோதரிகளும் ஒரே வளவைப் பிரித்து அடுத்தடுத்து இருக்கிறார்கள். பெரியம்மா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் கிடுகு வேலிதான், அதிலும் ஒரு கடவை. அவர் என் தலையைத் தடவவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. கோபப்பட்டார்.

"புள்ள, நீ ஒண்டும் வேணாம் எண்டா நாங்க என்னெண்டு வாறது? செத்தவீடு எண்டா என்ன செய்யிறது எண்டு எல்லாருக்கும் தெரியும். இது ஒருத்தருக்கும் தெரியாதுகா. நீதான் சொல்லவேணும்."

அன்றிரவு ஒரு சி.ஆர். கொப்பி எடுத்தேன். இடது பக்கத்தில் நாளும் நேரமும், வலது பக்கத்தில் வேலை, அதற்குப் பக்கத்தில் வெறும் கோடு. அப்பாவின் ஒரு நாளை மணிக்கு மணி எழுதினேன். இரவு இரண்டு மணிக்குத் திருப்ப ஒரு ஆள். காலை ஏழிலிருந்து எட்டு வரை, அம்மா குளித்துச் சாப்பிட்டு மருந்து போடும்வரை, பக்கத்தில் இருக்க ஒரு ஆள். செவ்வாய் கிளினிக்குக்குப் போக வர வாகனமும், தூக்கி ஏற்ற இரண்டு பேரும். மத்தியானச் சாப்பாடு, எங்களுக்கு மட்டும். அப்பாவின் பத்தியக்கறியை அம்மாதான் வைப்பார், அதை யாருக்கும் விடமாட்டார். பின்னேரம் மூன்று மணிக்கு உடற்பயிற்சி. ஐந்து மணிக்குப் பத்திரிகை வாசிக்க ஒரு ஆள், ஏனென்றால் அப்பாவின் மூக்குக்கண்ணாடி புணானையிலேயே போய்விட்டது, புதியது இன்னும் செய்யவில்லை. இப்படி 31 வரிகள் வந்தன. எழுதி முடித்தபோது எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. இத்தனையையும் அம்மா கிட்டத்தட்டத் தனியாகச் செய்துகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் பத்து நிமிடம் கேட்டேன். கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் ஐயா சம்மதித்தார், தானே மணியை அடித்துச் சனத்தை இருக்கச் சொன்னார். நாற்பது பேர் இருக்கலாம். பேச நினைத்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. கொப்பியை விரித்து வாசிக்கத் தொடங்கினேன், அவ்வளவுதான். "திங்கள், இரவு இரண்டு மணி, அப்பாவைப் பக்கம் மாற்றிப் படுக்கவைக்க அம்மாவோடு ஒரு ஆள்."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பின்னால் தூணோடு நின்ற ஒருவர் கையைத் தூக்கினார். வாவியில் தோணியில் போய் வலை போடுகிறவர். எங்களுக்கு நேரடிச் சொந்தமும் இல்லை.

"அந்த ரெண்டு மணிய எனக்குத் தாங்க மகள். நான் எப்படியும் அந்த நேரம் வலைக்கு எழும்புறவன். போற வழிதானே."

அவருக்குப் பிறகு ஒவ்வொரு வரியாக நிரம்பியது. ஆட்டோ ஓட்டுகிற மச்சான் செவ்வாயை எடுத்தார். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையொன்று பத்திரிகை வாசிக்க வந்தாள். இப்போது அப்பா அவளுக்கு நெல் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார், அவள் பத்திரிகையை உரத்து வாசித்து வாசித்துத் திக்கு வாயே குறைந்துவிட்டது என்று அவளுடைய அம்மா சொன்னார். அந்த 48 கிலோத் தம்பி, காலை ஏழு மணியை எடுத்தான். அப்பாவின் விலா எலும்பு நோகாமல் நெஞ்சுச் சளி வெளியேற மூச்சுப் பயிற்சி செய்யவேண்டும்: தண்ணீர்ப் போத்தலுக்குள் ஒரு குழாயை விட்டுக் குமிழி வர ஊதுவது. அவனும் இன்னொரு போத்தலோடு எதிரில் இருந்து போட்டிக்கு ஊதுவான். அவனோடு ஊதும்போது மட்டும்தான் அப்பா பத்துத் தடவையை முடிப்பார்.

மரணாதாரச் சங்கத் தலைவர் மண்டபத்துக்கு வெளியே என்னைக் கூப்பிட்டார். சங்கத்தின் யாப்பில் உயிரோடு இருக்கிறவருக்குக் காசு கொடுக்க இடமில்லை, அடுத்த பொதுக்கூட்டத்தில் கதைப்போம், அதுவரை கதிரையும் தறப்பாளும் வேண்டுமானால் எடுங்கள் என்றார். கிளினிக் நாளிலும், ஆட்கள் வந்து தங்குகிற இரவிலும் எங்களுக்குக் கதிரை போதவில்லை என்பது உண்மை. ஆனால் வீட்டில் பிரச்சினையாகிவிட்டது. சின்னம்மா ஒரே பிடியாக நின்றார்: செத்தவீட்டுக் கதிரை இந்தப் படலைக்குள் வரக்கூடாது. அம்மாவுக்கும் மனம் இல்லை. இவர்கள் வாசலில் கதைப்பது அறைக்குள் கேட்டிருக்கிறது. விபத்துக்குப் பிறகு அப்பா முதன்முதலாகச் சத்தம் வைத்தார்: "கொண்டுவரச் சொல்லுங்க. கதிர ஆரையும் கொல்லல்ல." எட்டுக் கதிரைகள் வந்தன. சின்னம்மா ஒவ்வொன்றையும் மஞ்சள் தண்ணி தெளித்துத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே எடுத்தார். அதுவும் சரிதான்.

காசுக் கதையைத் தவிர்க்கமாட்டேன், அதில்தான் கூடுதலாக மனம் நொந்தது. தம்பி கட்டாரில் இறங்கி போனைத் திறந்தவுடன்தான் செய்தியைப் பார்த்தான். திரும்பி வர ஒப்பந்தமும் விடாது, அப்பாவும் விடவில்லை. அந்தத் தவிப்பில் அவன் பேஸ்புக்கில் அப்பாவின் படத்தையும் வங்கிக் கணக்கு இலக்கத்தையும் போட்டுவிட்டான். தலையில் கட்டு, மூக்கில் குழாய், அந்தப் படம். நான் போனிலேயே அவனோடு சண்டை பிடித்தேன். அப்பாவிடம் கேட்காமல் அப்பாவின் அந்தக் கோலத்தை ஊருக்குக் காட்டியது பிழை என்று இன்றும் சொல்வேன். படத்தை எடுத்துவிட்டு, அப்பா வயலில் நிற்கிற பழைய படத்தைப் போட்டான். சிகிச்சை அரச வைத்தியசாலையில் இலவசம்தான். ஆனால் காற்று மெத்தை, கொமட் கதிரை, வோக்கர், பம்பர்ஸ், ஆட்டோக் கூலி, சம்பளமில்லாத விடுமுறை என்று நாளுக்கு நாள் கை கடித்தது உண்மை. ஆகவே காசு வாங்குவது என்று முடிவெடுத்தோம், ஆனால் எங்கள் கையால் இல்லை. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை தோறும் வந்ததையும் போனதையும் வட்ஸ்அப் குழுவில் படம் பிடித்துப் போட்டார், பற்றுச்சீட்டோடு. தந்தவர்களின் பெயர் இருக்கும், தொகை அவரவர் பெயருக்கு நேரே இருக்காது, மொத்தம் மட்டும் அடியில் இருக்கும். 200 ரூபாய் தந்தவரும் 20,000 தந்தவரும் ஒரே வரிசை. இது அதிபர் ஐயாவின் யோசனை. போதுமான அளவு சேர்ந்ததும் "இனிப் போதும், நன்றி" என்று எழுதி மூடிவிட்டோம்.

காப்புறுதிக் காசு வரும் என்று சொல்கிறார்கள். ஒரு நிறுவனத்துக்கு நாலு தடவை ஏறி இறங்கிவிட்டேன், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, மருத்துவ அறிக்கை, மறுபடியும் அதே பிரதி. அதைப் பற்றி எழுதி இந்தப் பக்கத்தை நிரப்ப விருப்பமில்லை.

அப்பாவுக்குக் காலைவிட வயல்தான் நோவாக இருந்தது. கொக்கட்டிச்சோலைப் பக்கம் மூன்று ஏக்கர் பெரும்போக வேளாண்மை. பயிர் பொட்டி தள்ளுகிற, கதிர் வரப்போகிற நேரத்தில் விபத்து. ஐசியூவில் குழாயை எடுத்தவுடன் அப்பா கேட்ட முதல் கேள்வி, "வட்டைக்கு ஆர் போறது?" வட்டை என்றால் வயல்வெளி. அதற்கு நான் யாரையும் கேட்கவேண்டி வரவில்லை. அப்பாவின் அக்கா, எங்கள் மூத்த மாமி, அங்கேதான் இருக்கிறார். செய்தி கிடைத்த அன்றே மாமியின் மகன்மார் தண்ணி பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். கதிர் முற்றியதும் யானை வரத் தொடங்கும். இரவில் பரணில் காவல் இருக்கவேண்டும், யானை வெடியும் பந்தமும் கையில் வேண்டும். அவர்கள் இரண்டு பேரால் ஒவ்வொரு இரவும் முடியாது. கொப்பியில் அதற்கு ஒரு பக்கம் போட்டோம். வாவிக்கு எங்கள் பக்கமான எழுவான்கரையிலிருந்து பொடியன்கள் மோட்டார் சைக்கிளில் மண்முனைப் பாலம் கடந்து பொழுது படப் போய் விடியத் திரும்புவார்கள். 2014இல் பாலம் திறக்குமுன், துறையில் 'பாதை' என்கிற மிதவை போகிற நேரத்துக்குக் காத்திருந்துதான் அக்கரைக்குப் போகவேண்டியிருந்தது. அந்தக் காலம் என்றால் இந்தக் காவலை நினைத்தும் பார்த்திருக்கமாட்டோம் என்று அப்பாவே சொன்னார்.

அறுவடைக்கு வெட்டு மெசின் கொண்டுவந்தவர் காத்தான்குடியில் நெல் வாங்குகிற காக்கா, முஸ்லிம் அண்ணர். பதினைந்து வருசமாக அப்பாவின் நெல் அவருக்குத்தான். டீசல் காசு மட்டும் எடுத்தார். மீதியைக் கொடுக்கப் போன என்னை, "வாப்பாவோட கணக்கு வாப்பாவோட பேசிக்கிறன் மகள், நீங்க போங்க" என்று திருப்பி அனுப்பினார். வெட்டின அன்றைக்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. மூடையைத் தூக்கி ஏற்ற எத்தனை பேர் நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. மாமி போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார், அப்பா கட்டிலில் கிடந்து வீடியோவில் பார்த்தார். மூடைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார், உதடு மட்டும் அசைந்தது. புது நெல்லில் கொஞ்சத்தைக் குத்தி அம்மா புதிர், அதாவது புது அரிசிப் பொங்கல், பொங்கினார். கொப்பியைப் பார்த்துப் பார்த்து வீடு வீடாக அனுப்பினோம், லொறிக்காரருக்கும் ஐந்து கிலோ அரிசி வெலிக்கந்தை பஸ்ஸில் போனது.

நடைப் பயிற்சிக்கு நேரம் வந்தபோது பயிற்சி தருகிற மிஸ் சொன்னார், இரண்டு பக்கமும் பிடித்து நடக்கச் சமாந்தரக் கம்பி வைத்தியசாலையில் இருக்கிறது, வீட்டிலும் இருந்தால் நாளுக்கு இரண்டு தடவை நடக்கலாம் என்று. பெரியம்மாவின் அயலில் தச்சு வேலை செய்கிற ஒரு ஓடாவியார் இருக்கிறார், எழுபது வயதுக்கு மேல். அவரிடம் சொன்னேன். அளவு நாடாவோடு வருவார் என்று பார்த்தேன். ஒரு துண்டு நூல் கயிற்றோடு வந்தார். அப்பாவை வோக்கரில் ஒரு நிமிடம் நிற்கவைக்கச் சொன்னார், மச்சான்மார் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். ஓடாவியார் முழங்காலில் இருந்து, அப்பாவின் தொங்குகிற கையின் மணிக்கட்டு மடிப்பில் கயிற்றின் ஒரு முனையை வைத்து, மறுமுனையைக் குதிக்காலுக்குக் கொண்டுபோய் ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு மறுகைக்கும் அதேபோல. இரண்டு முடிச்சும் ஒரு விரல்கடை வித்தியாசம். "இடுப்புச் சாஞ்சு நிக்கிது. நேரா வரக்கொள்ள சரியா வரும்," என்று தனக்குள்ளே சொன்னார். அந்த ஒரு விரல்கடைக்கு அவர் கம்பியின் காலில் தனியாக ஒரு கட்டை வைத்தார், பிறகு கழற்றக்கூடிய மாதிரி. மரம், அவருடைய தகப்பனின் பழைய வீட்டுக் கதவு நிலை, முதிரை. பிடிக்கிற இடத்தை உருட்டி இழைத்து, சிராய் இருக்கிறதா என்று தன் கன்னத்தில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். உள்ளங்கை காய்த்துப்போனது, அதற்கு ஒன்றும் தெரியாது என்றார். ஆறு வாரம் காலை ஊன்றாமல் கிடந்து, படம் எடுத்துப் பார்த்து, ஊன்றலாம் என்று சொன்ன பிறகு அப்பா அந்த மரத்தைப் பிடித்துத்தான் முதல் அடி வைத்தார். விறாந்தையில் பன்னிரண்டு அடி நீளம். அன்றைக்கு மூன்று அடியோடு நின்றுவிட்டார். வியர்த்து, சாரம் நனைந்துபோயிற்று. அந்தக் கட்டையைப் போன மாதம் கழற்றியாயிற்று.

அப்பா எல்லா நாளும் நன்றாக இருக்கிறார் என்று எழுதினால் அது பொய். சில இரவுகளில் "மாடு, மாடு" என்று கத்துகிறார். வாகன வெளிச்சம் சுவரில் ஓடினால் முகத்தை மூடுகிறார். சில காலையில் ஒருவரோடும் கதைக்கமாட்டார். ஒருநாள் என்னிடம், "இவ்வளவு சனத்துக்கும் நான் என்னத்தத் திருப்பிக் குடுக்கிறது மகள்?" என்று கேட்டார். கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுக்க இது மண்வெட்டியா? என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்றிரவு இரண்டு மணிக்குத் தோணிக்காரர் வந்தபோது அதே கேள்வியை அவரிடமும் கேட்டிருக்கிறார். அவர் தலையணையைச் சரிசெய்துகொண்டே, "முதல்ல மற்றப் பக்கம் திரும்புங்க" என்றாராம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குத் தெரிய, மார்கழிக்குப் பிறகு அம்மா சிரித்தது அன்றைக்குத்தான்.

இப்போது வைகாசி. இரவு இரண்டு மணி வரி வெட்டப்பட்டாயிற்று, அப்பா தானாகவே திரும்பிப் படுக்கிறார். தோணிக்காரர் அந்த நேரத்துக்கு இன்னும் படலையடியில் நின்று ஒருமுறை டோர்ச் அடித்துவிட்டுத்தான் போகிறார். 31 வரியில் 9 மிச்சம். கொப்பியின் மேல் அட்டை கிழிந்து, பெரியம்மா மாட்டுத்தாளில் உறை போட்டிருக்கிறார்.

அந்த 9 வரியில் ஒன்று வெறுமையாக இருக்கிறது. அப்பா கம்பியை விட்டு, வோக்கரோடு முற்றத்தில் நடக்கத் தொடங்கிவிட்டார். படலை வரை போய்த் திரும்பவேண்டும், வழியில் மாமர வேர் ஒன்று இருக்கிறது. பின்னால் ஒரு கதிரையோடு ஒரு ஆள் வரவேண்டும். களைத்தால் உடனே இருத்தவேண்டும், சரிந்தால் இடுப்பில் கட்டியிருக்கிற துணிப் பட்டியில் பிடிக்கவேண்டும், கையில் பிடித்து இழுக்கக்கூடாது. கொஞ்சம் உடம்பில் பலமுள்ள ஆளாக இருந்தால் நல்லது. வியாழக்கிழமைகளில் அதைச் செய்த தம்பிக்கு ஓட்டமாவடியில் வேலை கிடைத்துவிட்டது, பொழுது பட்டுத்தான் திரும்புகிறான். போன வியாழன் அம்மா தனியாகப் பின்னால் போனார், அது சரிவராது.

வியாழன், பின்னேரம் 3 மணி, முக்கால் மணித்தியாலம். எங்கள் வீடு தெரிந்தவர்கள் நேரே வரலாம். தேத்தண்ணி உண்டு, மாறி பிஸ்கட்டும் இன்னும் இருக்கிறது.